சத்தம் கம்மியா ஒரு துப்பாக்கி

நாரையூருணி,
கண்டரமாணிக்கம் வழி.
5.8.1968

மகன் செம்மலைக்கு உன் தகப்பன் தங்கச்சாமி எழுதுவது.

இங்கு நானும் உன் ஆத்தாளும் சுகம். நீ சுகமாக இருப்பதாகத் திருச்சிக்குப் போய் வந்த லாரிக்காரர் சொன்னார்.

எனக்குத் துப்பாக்கி லைசென்சு வந்துவிட்டது. பயிர் பாதுகாப்புக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போன வருஷம் நம் வயல் மேலச்செய்யில் போட்ட கடலை முழுவதையும் காட்டுப் பன்னி கிண்டித் தின்றுவிட்டது. நீ பார்க்கவில்லை. இந்த ஆடியிலும் அதே செய்யில்தான் விதைத்திருக்கிறேன். இதுவும் போனால் செய்யை ஒத்திக்கு விடுவதைத் தவிர வழியில்லை.

நீ துப்பாக்கிப் பட்டறையில் வேலை செய்வதாகக் கேள்வி. எனக்கு ஒன்று செய்ய வேண்டும். சத்தம் கம்மியாக இருக்க வேண்டும். ஏன் என்று உனக்குத் தெரியும். உன் பட்டறைக்காரருக்குத் தெரியாது, அவருக்காக எழுதுகிறேன். ஐப்பசியில் நம் கண்மாய்க் கருவேல மரங்களில் நாரையும் வக்காவும் வந்து கூடு கட்டினால், பங்குனியில் குஞ்சு பறந்து போகிறவரை ஊருக்குள் வேட்டு கிடையாது. தீபாவளிக்கு வெடி கிடையாது. சாவுக்குக் கொட்டு கிடையாது. பெண் எடுக்கப் போனாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் தாம்பூலம் மாற்றுவோம். மேலச்செய் கண்மாய்க் கரையை ஒட்டி இருக்கிறது. கடலை பிடிக்கிற காலமும் கூடு கட்டுகிற காலமும் ஒன்றாக வருகிறது.

பன்னிக்குக் கேட்க வேண்டும், பறவைக்குக் கேட்கக் கூடாது. அப்படி ஒன்று உண்டா என்று விசாரித்து எழுதவும். உன் ஆத்தா உன்னைக் கேட்டாள்.

தங்கச்சாமி

•

திருச்சி
12.8.1968

ஐயாவுக்கு செம்மலை எழுதுறேன்.

இங்க சோறு கிடைக்குது, தூக்கம் கிடைக்குது, அதனால சுகம்தான். ஆத்தா முழங்கால் வலி எப்படி இருக்கு? அதை ஏன் எழுதல?

ஒன்றரை வருஷம் கழிச்சு கடிதாசி போட்டிருக்கீக. காலேஜை ஏண்டா விட்டேன்னு ரெண்டு பக்கம் திட்டிருப்பீகன்னு நெனச்சுத்தான் பிரிச்சேன். பாத்தா துப்பாக்கி! சரி, அதுவும் நல்லதுதான். எனக்கு ஒரு இடத்துல உக்கார வராது. இங்க யாரும் என்னைய உக்காரச் சொல்றதில்ல.

நீங்க கேட்டதை எங்க பட்டறை மொதலாளி கருத்தையா அண்ணன்கிட்ட வாசிச்சேன். சிரிச்சாரு. "பொண்ணு செவப்பா இருக்கணும், வெயில்லயும் நிக்கணுங்குறாரு ஒங்கய்யா"ன்னாரு.

விஷயம் இதுதான். பன்னிக்குன்னா பன்னெண்டு போருங்குற பெரிய வாய்த் துப்பாக்கி. எல்.ஜி. தோட்டா போட்டா பெரிய பெரிய ஈயக் குண்டா நாலஞ்சு ஒண்ணாப் போயி இறங்கும். பன்னி அங்கேயே விழும். ஆனா இடி விழுந்த மாதிரி கேக்கும். கண்மாயில ஒரு பறவை மிஞ்சாது. சத்தம் வேணாம்னா பாயிண்ட் டூ டூ ரைபிள். குண்டு கடலைப் பருப்புல பாதி இருக்கும். முயலு, நரி, முள்ளம்பன்னிக்குச் சரி. காட்டுப் பன்னிக்கு அது கொசுக்கடி. அதுலயும் பேரலு, அதான் குழலு, அதோட நீளத்தைப் பொறுத்துச் சத்தம் மாறும். அதை நான் பாத்துட்டு எழுதுறேன்.

நீங்க எழுத வேண்டியது: பரண்ல இருந்து பன்னி இறங்குற இடம் எம்புட்டுத் தூரம்? சுடப்போறது நீங்களா, ஆள் வச்சா? உங்க முழங்கை மடிப்புல இருந்து ஆள்காட்டி விரல் முதல் கணு வரைக்கும் அளந்து அனுப்புங்க. தோள்ல வைக்கிற கட்டையை அந்த நீளத்துக்குத்தான் செதுக்கணும். அடுத்தவன் சட்டை மாதிரி அடுத்தவன் துப்பாக்கியும் தோள்ல நிக்காது.

செம்மலை

•

நாரையூருணி
27.8.1968

மகன் செம்மலைக்கு.

இங்கு எல்லாரும் சுகம். உன் ஆத்தாளுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்டாய் என்றதும் நன்றாக நடக்கிறாள்.

சுடப்போவது நான்தான். பரணில் இருந்து பன்னி இறங்கும் ஓடை வாய், நம் வீட்டு வாசலில் இருந்து மாட்டுத் தொழு இருக்கிற தூரம். அளவுக்குச் சணல் கயிறு ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். பக்கத்துச் செய் சின்னக்கருப்புதான் பிடித்து அளந்தான்.

ஊர்க் கூட்டம் போட்டுக் கேட்டேன். கேட்காமல் செய்ய முடியாது. "அண்ணே, ஒங்க கடலையும் எங்க கடலையும் ஒண்ணாத்தான் போகுது, இல்லைங்கல. ஆனா சத்தம் வந்துச்சுன்னா அந்தத் துப்பாக்கிய முழங்கால்ல வச்சு முறிச்சுப் போட்டுருவேன்" என்று சின்னக்கருப்பு எல்லாருக்கும் முன்னால் சொன்னான். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

அவன் பெண்டாட்டி ராக்காயி உனக்கு ஒரு சேதி சொன்னாள். சொன்னபடி எழுதுகிறேன்: "அந்தக் கவட்டைக்காரப் பயலா துப்பாக்கி செய்யுறான்? அவன் மாங்காய்க்கு அடிச்ச கல்லு எந் தலையில இருந்த பானையில விழுந்துச்சு. அவன் செஞ்ச துப்பாக்கியில சுட்டா குண்டு திருச்சிக்கே திரும்பிப் போகும். பானைக்குப் பதில் பானை இன்னும் வரல, அதையும் எழுதுங்க."

உன் யோசனையை எழுதவும்.

தங்கச்சாமி

•

திருச்சி
9.9.1968

ஐயாவுக்கு செம்மலை எழுதுறேன்.

சுகம். கயிறு வந்துச்சு. உங்க கை நான் நெனச்சதைவிடக் குட்டை. சின்னப்பிள்ளையில அந்தக் கை எம்புட்டுத் தூரம் எட்டி வந்து அறையும்!

ராக்காயிச் சின்னாத்தாகிட்டச் சொல்லுங்க: பானைய உடைச்சது கல்லு இல்ல, அவுக என்னையப் பாத்து "ஏய்"னு கத்திக்கிட்டுத் திரும்புன திருப்பு. நான் ஊரை விட்டு வந்த அன்னைக்குப் பஸ்ஸுக்கு நிக்கயில தூக்குவாளியில கஞ்சி ஊத்திக் குடுத்தது அவுகதான். எங்க போறன்னு கேக்கல. அதுக்கு ஒரு பானை வாங்கித் தந்துறலாம்.

இப்ப விஷயம். ஒரு பழைய பந்தய ரைபிள் பேரல் கிடைச்சிருக்கு. பாயிண்ட் டூ டூ. இருபத்தெட்டு அங்குலம். எல்லாரும் இருபதுக்கு வெட்டிருவாக, தூக்க லேசா இருக்கும்னு. நானும் ஒரு இருபது அங்குலத்துப் பேரலையும் இதையும் வச்சு காவிரி மணல்ல மாத்தி மாத்திச் சுட்டுப் பாத்தேன். குட்டைப் பேரல் 'பட்டு'ன்னு வெடிக்குது. நீளத்துல மருந்து உள்ளுக்குள்ளேயே எரிஞ்சு அடங்கிருது. வெளிய வாரப்ப, ஈரத் துணிய கல்லுல ஒரு தப்புத் தப்புன மாதிரிதான் கேக்குது. கரையில டீ ஆத்துறவர் திரும்பிக்கூடப் பாக்கல. வெட்டாம அப்படியே போட்டா உங்களுக்குச் சரியா இருக்கும்.

ஆனா கருத்தையா அண்ணன் வேணாங்குறாரு. "சத்தம் கம்மி, சரி. சாவும் கம்மிடா"ங்குறாரு. காதுக்குப் பின்னால பட்டாத்தான் பன்னி விழுமாம். தோள்ல, விலாவுல பட்டா காயத்தோட ஓடுமாம். நான் வேணுங்குறேன். அசையாம நிக்கிற பன்னி, காதுக்குப் பின்னால, பரண் மேல இருந்து கீழ பாத்து. அது உங்களால முடியும். உங்க கண்ணு ஊசியில நூல் கோக்குற கண்ணு.

பன்னெண்டு போரா, டூ டூவா? முடிவு உங்களது. நான் ரெண்டையும் செய்வேன்.

செம்மலை

•

நாரையூருணி
24.9.1968

மகன் செம்மலைக்கு.

இங்கு சுகம். ஒரு மழை பெய்தது, கடலை பூத்துவிட்டது.

நன்றாக யோசித்துவிட்டேன். சின்னதையே செய். நீளத்தை வெட்ட வேண்டாம். பன்னி செத்தாலும் சரி, ஓடினாலும் சரி, செய்யை விட்டுப் போனால் போதும். உனக்கு நான்கு வயதில், வெளியூர்ச் சம்பந்தக்காரர்கள் தெரியாமல் வேட்டுப் போட்டார்கள். தாய்ப் பறவை எல்லாம் எழும்பிப் போய்விட்டது. குஞ்சுகள் மூன்று நாள் கத்தின. அப்புறம் கத்தவில்லை. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை நான் கேட்கமாட்டேன்.

செய்து முடிந்ததும் லைசென்சை எடுத்துக்கொண்டு நானே திருச்சிக்கு வருகிறேன். உன் ஆத்தா இப்போதே முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

தங்கச்சாமி

•

நாரையூருணி
18.11.1968

மகன் செம்மலைக்கு.

இங்கு எல்லாரும் சுகம். பறவை வந்து இறங்கிவிட்டது. இந்த வருஷம் நத்தைகுத்தி நாரை அதிகம். மரம் வெளுத்துக் கிடக்கிறது.

நீ கொடுத்துவிட்ட துப்பாக்கியால் இதுவரை நரி ஒன்று, முள்ளம்பன்னி ஒன்று. முதல் தடவை சுட்டபோது சின்னக்கருப்பு கண்மாய்க் கரையில் போய் நின்றுகொண்டு, மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முறிப்பதற்கு முழங்காலைத் தயாராக வைத்திருந்தான் என்று நினைக்கிறேன். ஒரு நாரை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்பவும் முட்டை மேல் உட்கார்ந்துகொண்டது. அவன் வந்து என்னிடம் பீடி கேட்டான்.

ராக்காயி சொன்னாள்: "கவட்டைக்காரன் தேறிட்டான். பொங்கலுக்கு வரச் சொல்லுங்க. பானையோட வரச் சொல்லுங்க."

கடலை திரட்சியாக இருக்கிறது. இன்னும் மூன்று வாரத்தில் பிடுங்கலாம். பெரிய ஆண் பன்னி ஒன்று ஓடை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. பொங்கலுக்கு வா. உன்னைப் படிப்பைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். நானும் கேட்கமாட்டேன்.

தங்கச்சாமி

•

திருச்சி
26.11.1968

ஐயாவுக்கு செம்மலை எழுதுறேன்.

சுகம், ரொம்பச் சுகம். ஆத்தாகிட்டச் சொல்லுங்க, முறுக்குல பாதிய கருத்தையா அண்ணன் தின்னுட்டாரு.

அன்னைக்கு நீங்க பட்டறைக்கு வந்தப்ப துப்பாக்கியத் தோள்ல வச்சு ஓட்டு மேல இருந்த காக்காயப் பாத்தீக. "கனம் சரி"ன்னீக. அம்புட்டுத்தான். பஸ் ஏறிப் போயிட்டீக. நான் ஒரு மாசம் அந்தக் கட்டைய இழைச்சு எண்ணெய் போட்டிருக்கேன், மனுசன் ஒரு வார்த்தை சொல்லலையேன்னு ராத்திரி சாப்பிடல. இப்ப நாரை முட்டை மேல திரும்ப உக்காந்துச்சுன்னு எழுதிட்டீக. அந்தக் கடிதாசிய மடிச்சுச் சட்டைப் பையில வச்சிருக்கேன்.

பொங்கலுக்கு வாரேன். மானாமதுரைப் பானையா வாங்கிட்டு வாரேன், சின்னாத்தா தட்டிப் பாத்துக்கிறட்டும்.

அந்த ஆம்பளைப் பன்னி விஷயத்துல மட்டும் கவனம். நிக்கணும். காதுக்குப் பின்னால. நடக்குறதைச் சுடாதீக. உங்களுக்குச் சொல்ல எனக்கு என்ன இருக்கு, இருந்தாலும் சொல்றேன்.

செம்மலை

•

நாரையூருணி
6.1.1969

மகன் செம்மலைக்கு.

இங்கு அனைவரும் சுகம். உன் கடிதமும் அதற்குப் பிறகு போட்ட இரண்டு கார்டும் கிடைத்தன. வேலையால் பதில் எழுதவில்லை.

பொங்கலுக்கு வர வேண்டாம். பட்டறையில் வேலை இருக்கும். வழியில் காய்ச்சல் பரவிக் கிடப்பதாகவும் சொல்கிறார்கள். கடலை பிடுங்கியாகிவிட்டது. பானை வாங்க வேண்டாம்.

தங்கச்சாமி

•

திருச்சி
30.1.1969

ஐயாவுக்கு.

சுகம் விசாரிக்க இந்தத் தடவை எனக்கு வரல.

இன்னைக்குக் காலையில ஒரு பெட்டி வந்துச்சு. காரைக்குடித் தோட்டாக் கடைக்காரர் அனுப்பிருக்காரு. எங்க பட்டறை முத்திரை இருந்துச்சாம், அதனால விக்கிறதுக்கு எங்களுக்கே போட்டாராம். பிரிச்சா என் துப்பாக்கி. இருபத்தெட்டு அங்குலம். உங்க முழங்கைக்குச் செதுக்குன கட்டை.

'கண் பார்வைக் குறைவால் ஒப்படைத்தேன்'னு எழுதிக் குடுத்தீகளாம். யாரை ஏய்க்கிறீக? உங்க கண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா?

பேரல் உள்ள சுத்தமாத் துடைச்சிருக்கு. ஆனா கட்டையோட அடியில ஒரு பக்கம் நசுங்கிக் கிடக்கு. கல்லுல அடிச்ச நசுங்கல். கை தவறி விழுந்தா அப்படி நசுங்காது. ஓங்கி அடிச்சாத்தான் நசுங்கும். நீங்க ஒரு மம்பட்டியக்கூட வீசுனவர் இல்ல.

துப்பாக்கி சரியில்லைன்னா சொல்லுங்க. நான் சரியில்லைன்னா அதையும் சொல்லுங்க. பொங்கலுக்கு வராதன்னு ஒரு கார்டு போட்டா நான் வாய மூடிக்கிட்டு இருந்துருவேனா? பானை வாங்க வேண்டாம்னு எழுதிருக்கீக. நான் வாங்கிட்டேன். என் கட்டிலுக்கு அடியில இருக்கு.

என்ன நடந்துச்சு?

செம்மலை

•

நாரையூருணி
12.2.1969

மகன் செம்மலைக்கு சின்னக்கருப்புச் சித்தப்பா சொல்லி எழுதுறது. நான் சொல்லச் சொல்ல குருநாதன் வாத்தியார் எழுதுறாரு. அழகா மாத்திப்புடாதீக, நான் பேசுறபடியே போடுங்கன்னு சொல்லிருக்கேன். நீ அங்குட்டு நல்லா இருக்கணும்.

நீ போட்ட கடிதாசிய உங்க ஐயா எங்கிட்ட நீட்டுனாரு. எழுத்து தெரியாதவன்கிட்ட எதுக்கு நீட்டுறாருன்னு யோசிச்சேன். அப்புறம் புரிஞ்சுச்சு. அவருக்கு வாய் வரல. நான் சொல்லணும்னு குடுத்திருக்காரு.

உன் சின்னாத்தா இல்லப்பா. கார்த்திகைக் கடைசியில போயிட்டா.

விடிஞ்சும் விடியாத நேரம். அந்தப் பெரிய பன்னி கடலையில இறங்குச்சு. நீ எழுதுன மாதிரி அது நிக்கட்டும்னு அண்ணன் காத்திருந்தாரு. நின்னுச்சு. விசைய அமுக்கயில அது திரும்பிருச்சு. தோள்ல பட்டுச்சு. விழுகல. எங்க செய்ப் பக்கம் ஓடியாந்துச்சு. ராக்காயி அங்க வரப்புல குனிஞ்சு மாட்டுக்குப் புல்லறுத்துக்கிட்டு இருந்தா.

அவளுக்குக் கேக்கலப்பா. அதான். பெரிய துப்பாக்கியா இருந்தா ஊரே முழிச்சிருக்கும், அவளும் நிமிந்து பாத்திருப்பா. பக்கத்துலயே வேப்ப மரம். ஏறிருப்பா, மரம் ஏறுறதுல அவ ஆம்பளை. அண்ணன் பரண்ல இருந்து கத்துனாரு. கத்துறதுக்குள்ள பன்னி அவளக் குத்திக் கிழிச்சிருச்சு. காரைக்குடி ஆசுபத்திரிக்கு வண்டி கட்டுனோம். பாதி வழிகூடத் தாண்டலை.

அண்ணன் அந்தத் துப்பாக்கியக் கண்மாய்ப் படிக்கல்லுல ஓங்கி அடிச்சாரு. நான்தான் பிடுங்குனேன். அன்னைக்கு இருந்து பரண் ஏறல. மீதிக் கடலைய ஆள் விட்டுப் பிடுங்குனாரு. ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னு ஊரெல்லாம் வாயக் கட்டிவச்சாரு. அவன் செஞ்ச மொத சாமான், அது ஆளைக் கொன்னுச்சுன்னு அவனுக்குத் தெரிய வேணாம்னாரு.

உம்மேல வருத்தம் இல்லைன்னு சொன்னா பொய். இருக்கு. அண்ணன் மேலயும் இருக்கு. எம்மேல அதைவிட இருக்கு. சத்தம் வந்தா முறிப்பேன்னு கூட்டத்துல நின்னு பேசுனது நான்தானே.

பன்னி இன்னும் உசிரோட திரியுது. முன்னங்கால விந்துது. அடிபட்டதுனால வெறி கூடிருச்சு. ஊர்ல சின்னவங்கே சொன்னாங்கே, கூடாவது குஞ்சாவது, நேமத்தான்பட்டியில பெரிய துப்பாக்கி இருக்கு, எடுத்தாந்து போடுவோம்னு. நான் வேணாம்னுட்டேன். இப்பத்தான் பொரிச்சுக் கிடக்கு. கீழ விழுந்த குஞ்சைக் கூடையில வச்சு மரத்துல ஏத்திவிடுறவ அவ. அவளுக்காகன்னு சொல்லி அதுகளப் பட்டினி போட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தக் கரையில நடப்பேன்?

பங்குனி வரைக்கும் பாத்துக்கிறோம். ராத்திரியில பந்தம் பிடிச்சுக் காவல் இருக்கோம். அதுக்குள்ள எனக்கு ஒரு துப்பாக்கி செய்யி. பெரிசு. சாவு விழுந்ததுனால தாசில்தாரே வந்து எழுதிட்டுப் போனாரு, எம்பேர்ல லைசென்சு வந்துருச்சு. நீளம், போரு எல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு தடவை சுட்டா அது எந்திரிக்கக் கூடாது. அதுக்கு எது வேணுமோ நீ முடிவு பண்ணு. கயிறு வச்சிருக்கேன். அளந்தது உங்க ஐயா.

சின்னக்கருப்பு

•

திருச்சி
18.2.1969

சித்தப்பாவுக்கு செம்மலை.

வாத்தியாரை இதையும் எழுதுனபடியே வாசிக்கச் சொல்லுங்க. சுகமான்னு கேக்கல. கேட்டுட்டு அடுத்து என்ன எழுதுறதுன்னு எனக்குத் தெரியல.

பன்னெண்டு போர். ஒத்தப் பேரல். ரெண்டு பேரல் போட்டா ரெண்டாவது இருக்குன்னு மொதல்ல கவனம் குறையும். இருபத்தாறு அங்குலம். முப்பது போடுன்னு கருத்தையா அண்ணன் சொல்றாரு, தூரம் எட்டும்னு. வேணாம்னேன். ஓடை வாய் கிட்டத்துல இருக்கு. பரண்ல வேப்பங்கொப்பு குறுக்க கிடக்கும், நீளமா இருந்தா திருப்பயில மாட்டும். பன்னி திரும்புனா நீங்களும் திரும்பணும். போன தடவை நீளத்தைச் சத்தத்துக்காகப் பாத்தேன்.

எல்.ஜி. தோட்டா. தோள்ல பட்டாலும் போதும். சத்தம் கண்டரமாணிக்கம் வரைக்கும் கேக்கும். தோள்பட்டைய உதைக்கும், கட்டைய இறுக்கிப் பிடிங்க. சுடுறதுக்கு முன்னால கரையில யாரு இருக்காகன்னு ஆள் விட்டுப் பாத்துருங்க. எல்லாரையும் ஊருக்குள்ள போகச் சொல்லுங்க.

உங்க கயிறும் ஐயா கயிறும் ஒரே நீளம். பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன்.

சின்னத் துப்பாக்கிய விக்கச் சொன்னாரு கருத்தையா அண்ணன். நான் கழட்டிட்டேன். அது இனி யாரு தோளுக்கும் போகாது.

சின்னாத்தாவைப் பத்தி ஒரு பக்கம் எழுதுனேன். கிழிச்சுட்டேன். துப்பாக்கிய நானே ஊருக்குக் கொண்டாந்து தரணும். முடியல சித்தப்பா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். நீங்களே வந்து வாங்கிக்கிடுங்க.

செம்மலை

•

நாரையூருணி
20.4.1969

மகன் செம்மலைக்கு உன் தகப்பன் எழுதுவது.

உன் ஆத்தா முழங்கால் பரவாயில்லை. நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

பன்னி விழுந்தது. முந்தாநாள்.

பங்குனி பாதியிலேயே பறவை கிளம்பிவிட்டது. ஒவ்வொரு மரமாகக் காலியானது. ஆனால் நடுக் கண்மாயில், தாழ்ந்த கொப்பில், ஒரே ஒரு கூடு மிஞ்சியது. கடைசியாக வந்து கட்டிய நாரை. இரண்டு குஞ்சு, சரியாக இறக்கை முளைக்கவில்லை. சின்னக்கருப்பு பரண் ஏறி உட்கார்ந்த முதல் நாளே அந்தப் பன்னி ஓடையில் இறங்கியது. விந்திக்கொண்டு, அவனுக்கு நேர் கீழே வந்து நின்றது. நான் கரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் துப்பாக்கியைத் தூக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, பன்னியைப் பார்ப்பதும் கூட்டைப் பார்ப்பதுமாக இருந்தான். பன்னி கோரைக் கிழங்கைக் கிண்டித் தின்றுவிட்டுப் போனது. அவன் இறங்கி வந்து, "இன்னும் கொஞ்ச நாள்தான் அண்ணே" என்றான். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

குஞ்சு இரண்டும் பறந்த அன்று அவன் அழுதான். ராக்காயி போன அன்றைக்குக்கூட அவன் அழவில்லை.

அதற்கு அடுத்த நாள் சுட்டான். நீ எழுதியபடி எல்லாரையும் ஊருக்குள் அனுப்பிவிட்டுத்தான் சுட்டான். ஒரே தடவை. ஊரில் சின்னப் பிள்ளைகள் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்லை, பயந்து அழுதன. எனக்கு அந்தச் சத்தம் கேட்டதும் அந்த வேப்ப மரத்தைத்தான் பார்க்கத் தோன்றியது.

பன்னியை அறுத்தபோது, தோளுக்கு மேல் கொழுப்பில் நான் அன்று சுட்ட இந்தக் குண்டு இருந்தது. இத்துடன் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். எலும்பைத் தொடவே இல்லை. தூர எறிய மனம் வரவில்லை, வீட்டில் வைக்கவும் முடியவில்லை. இரண்டில் எது என்று நீ கேட்டாய். சின்னது என்று எழுதியது நான். அந்தக் கடிதம் உன்னிடம் இருக்கும், எடுத்துப் பார். இதை நீ தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

இதை எழுதும்போது சின்னக்கருப்பு பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். உனக்கு என்ன சொல்ல என்று கேட்டேன். பீடியைப் பற்றவைத்தான். பிறகு சொன்னான். சொன்னபடி எழுதுகிறேன்:

"கவட்டைக்காரப் பய எப்ப வாரானாம்? பானையோட வரச் சொல்லுங்க."

தங்கச்சாமி